இரண்டு கிளவுடும் ஒன்றல்ல: நிர்வாகத்திலும் ஆட்டோமேஷனிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமேசான் கிளவுடில், அதாவது அது வாடகைக்கு விடும் கணினிகளில், ஓடுகிற ஒரு லினக்ஸ் சர்வருக்குள் போய் ‘ஷட்டவுன்’ கட்டளை கொடுத்தால், வழக்கமான அமைப்பில் மெஷின் நின்றுவிடும். அதற்கான மணிக்கணக்கு வாடகையும் நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் அதே கட்டளையை அதே மாதிரி கொடுத்தால் மெஷின் நிற்கும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ‘ஸ்டாப்டு’ என்று ஒரு நிலை, ‘ஸ்டாப்டு, டீஅலொகேட்டட்’ என்று இன்னொரு நிலை. இரண்டாவதற்குப் போனால்தான், அதாவது மெஷினுக்கு ஒதுக்கிய இடத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான், சர்வர் கணக்கு நிற்கும். டிஸ்க் வாடகை இரண்டு இடத்திலும் தொடரும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சனி ஞாயிறு டெஸ்ட் சர்வர்களை அணைக்க அமேசானுக்காக எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே அஸூருக்கும் போட்டோம். சர்வர்கள் ஒழுங்காக அணைந்தன. எல்லோருக்கும் திருப்தி. மூன்றாவது மாத பில்லை வரிக்கு வரி பார்த்தபோதுதான் அஸூர் பக்கம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பது தெரிந்தது. ஸ்கிரிப்டில் பிழை ஏதும் இல்லை. ‘ஒரே வேலைதானே’ என்ற எங்கள் நினைப்பில்தான் பிழை.

ஒன்றுக்கு மேற்பட்ட கிளவுடை வைத்திருக்கும் நிறுவனங்களில் நான் பார்த்த பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த நினைப்புதான் வேர். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த நிலைக்குத் திட்டமிட்டு வந்ததில்லை. கணக்கு மென்பொருள் லைசென்ஸ் காரணமாக அலுவலக சர்வர் அறையிலேயே தங்கிவிடும். வெப்சைட்டை யாரோ அமேசானில் போட்டிருப்பார்கள். மின்னஞ்சலும் ஆஃபீஸும் மைக்ரோசாஃப்டில். தரவு ஆய்வுக்கு வந்த புதிய ஆள் கூகுள்தான் வேண்டும் என்பார். சொந்த சர்வரும் வாடகை கிளவுடும் கலந்தால் ஹைபிரிட், இரண்டு மூன்று கிளவுட் சேர்ந்தால் மல்டி கிளவுட். பெயர் வைக்கும்போது ஏற்கெனவே உள்ளே இருப்போம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

நெட்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். விபிசி என்பது கிளவுடுக்குள் உங்களுக்கென்று வேலி போட்ட தனி நெட்வொர்க். அமேசானில் அது ஒரு ரீஜனுக்குள், அதாவது மும்பை போன்ற ஒரு வட்டாரத்துக்குள், அடங்கியது. அதன் ஒரு பகுதியான சப்நெட், ரீஜனுக்குள் தனித்து இயங்கும் ஒரே ஒரு ஸோனுக்குள். கூகுளில் விபிசி உலகம் முழுக்கப் பரவியது, சப்நெட்தான் ரீஜனுக்குரியது. பெயர் ஒன்றுதான். அமேசானில் பழகியவர் கூகுளுக்குப் போய், மும்பைக்கு ஒன்று டெல்லிக்கு ஒன்று என்று தேவையில்லாமல் விபிசிகளைக் கட்டிவிட்டு, பிறகு அவற்றை இணைக்கத் திண்டாடுவது வாடிக்கை.

ஃபயர்வால் விஷயம் இதைவிட ஆபத்து. அமேசானில் புதிதாக ஒரு செக்யூரிட்டி குரூப் உருவாக்கினால், நீங்கள் அனுமதிக்காத எதுவும் உள்ளே வராது. அஸூரின் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்பில் ஆரம்பத்திலேயே ஒரு விதி இருக்கும்: விர்ச்சுவல் நெட்வொர்க்குக்குள்ளிருந்து வருவதெல்லாம் அனுமதி. அந்த ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்குள் பியரிங் (கிளவுடுக்குள் இரண்டு நெட்வொர்க்கை நேரடியாகச் சேர்ப்பது) மூலம் இணைத்த நெட்வொர்க்குகளும், விபிஎன் என்கிற மறைகுறியாக்கிய சுரங்கம் வழியாக இணைத்த உங்கள் அலுவலகமும் அடக்கம். அதாவது ரிசப்ஷனில் இருக்கிற லேப்டாப்பிலிருந்து தரவுத்தளத்தின் போர்ட்டைத் தட்டினால் கதவு திறக்கக்கூடும். நீங்களாக ஒரு தடை விதியைக் குறைந்த எண்ணில், அதாவது அதிக முன்னுரிமையில் போட்டால்தான் அடைபடும்.

டேக் என்கிற சின்ன சமாச்சாரத்திலும் இதே கதை. எந்த சர்வர் எந்தத் துறைக்கு என்று ஒட்டும் சீட்டுதான் டேக். அமேசானில் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘ஓனர்’ வேறு, சின்ன எழுத்தில் தொடங்கும் ‘ஓனர்’ வேறு. அஸூரில் இரண்டும் ஒன்று. கூகுளின் லேபிளில் பெரிய எழுத்துக்கே இடமில்லை. மூன்றின் பில்லையும் ஒரே எக்செல் ஷீட்டில் கொட்டிக் கூட்டும்போது ஒரு துறையின் செலவு மூன்றாக உடைந்து நிற்கும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இந்த இடத்தில், சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் நிரலாக எழுதிக் கட்டும் கருவியான டெர்ராஃபார்ம் பற்றி ஒரு வார்த்தை. ‘அதில் எழுதிவிட்டால் எந்த கிளவுடுக்கும் மாறிக்கொள்ளலாம்’ என்று விற்பனைக் கூட்டங்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எழுதும் மொழி ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான். அமேசான் சர்வருக்கு எழுதிய வரிகளை அஸூருக்கு முழுக்க வேறாக எழுத வேண்டும். நல்ல கருவி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இடம் மாறும் வசதிக்காக அதை வாங்கக் கூடாது.

முகவரித் திட்டம் இல்லாமல் கட்டத் தொடங்குவது

எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் தவறு இதுதான். ஆரம்பத்தில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

யாரோ ஒரு பொறியாளர் அமேசானில் 10.0.0.0/16 (10.0 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்) என்று நெட்வொர்க் போடுவார், ஏனென்றால் எல்லாப் பாடங்களிலும் அந்த எண்தான் இருக்கிறது. அடுத்த வருடம் இன்னொருவர் அஸூரில் அதே 10.0.0.0/16 போடுவார், அங்கேயும் அதுதான் முன்னிருப்பாக வரும். இரண்டையும் இணைக்க வேண்டிய நாள் வரும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தெரு, இரண்டிலும் ஒரே கதவு எண்கள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரே கிளவுடுக்குள் இப்படி எண்கள் மோதினால் பியரிங் செய்யவே விடாது. இரண்டு கிளவுடுக்கு நடுவே முகவரி மாற்றும் கேட்வே ஒன்றை வைத்து ஒப்பேற்றலாம். அப்புறம் லாகில், அதாவது நடந்தவற்றின் பதிவில், எந்த முகவரி யாருடையது என்று கண்டுபிடிப்பது தனி வேலையாகிவிடும். அப்ளிகேஷன்களைப் பெட்டி பெட்டியாக ஓட்டும் டாக்கர் மென்பொருளும் சும்மா இருப்பதில்லை, முன்னிருப்பாக 172.17.0.0/16 ஐ எடுத்துக்கொள்ளும். அலுவலக நெட்வொர்க் அதே எண்ணில் இருந்தால், அந்த சர்வரிலிருந்து அலுவலகத்துக்குப் போகிற பாக்கெட் தன் மெஷினுக்குள்ளேயே சுற்றும்.

ஒரு ஷீட்டைத் திறந்து, அலுவலகத்துக்கு 10.10, அமேசானுக்கு 10.20, அஸூருக்கு 10.30, கூகுளுக்கு 10.40 என்று பிரித்து எழுதுங்கள். இன்னும் வாங்காத கிளவுடுக்கும் ஒரு இடம் விட்டு வையுங்கள்.

இணைத்த பிறகு வரும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பிங் (எதிர் மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்ன சோதனை) போகும். லாகின் பக்கம் திறக்கும். பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பினால் அப்படியே தொங்கும். பொதுவாக இதற்குக் காரணம் பாக்கெட் அளவு. அமேசானின் உள்நெட்வொர்க்கில் 9001 பைட் வரை போகலாம், கூகுளில் முன்னிருப்பு 1460, வழக்கமான நெட்வொர்க்கில் 1500. விபிஎன் சுரங்கம் தன் தலைப்புக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சின்ன பாக்கெட் நுழைந்துவிடும், பெரியது வாசலில் மாட்டிக்கொள்ளும். ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச வரம்பு) அளவைக் குறைத்து வைத்தால் பெரும்பாலும் தீரும். இது தெரியாமல் அப்ளிகேஷன் குழுவும் நெட்வொர்க் குழுவும் வாரக்கணக்கில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வரம்பு வைக்காத ஆட்டோமேஷன்

2017 பிப்ரவரி 28. அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில் எஸ்3 சேமிப்புச் சேவையின் பில்லிங் பகுதி மெதுவாக இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர், அனுமதி உள்ளவர்தான், வழக்கமான நடைமுறைப்படிதான், சில சர்வர்களை விலக்கும் கட்டளையைக் கொடுத்தார். அதில் ஒரு உள்ளீடு தவறிப்போய், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகின. சுமார் 4 மணி நேரம் அந்த ரீஜனில் எஸ்3 தடுமாறியது, அதை நம்பியிருந்த ஏராளமான தளங்களும் கூடவே விழுந்தன. அமேசானின் சேவை நிலைப் பலகைகூட அதே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், நிலவரத்தை அதில் ஏற்ற முடியவில்லை.

பிறகு அமேசான் செய்த திருத்தம்தான் நமக்கு முக்கியம். அந்தக் கருவி இனி சர்வர்களை மெதுவாகவே விலக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்படி யார் சொன்னாலும் மறுக்கும். உங்கள் ஸ்கிரிப்ட்களில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓட்டத்தில் 5 சர்வருக்கு மேல் அழிக்க நேர்ந்தால் நின்று ஒரு ஆளைக் கேட்கும் நான்கு வரிகளை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம், ஒரு கிளவுட் விழுந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கண்காணிப்பை அதே கிளவுடில் வைக்காதீர்கள்.

டெர்ராஃபார்மில் ‘பிளான்’ என்று ஒரு படி உண்டு: என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே காட்டும். முந்நூறு வரி ஓடும். நடுவில் ஒரு வரியில் ‘நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்கப்படும்’ என்று இருக்கும். அது தரவுத்தளமாக இருந்தால் முடிந்தது கதை. வெள்ளிக்கிழமை மாலை யாரும் முந்நூறு வரி படிப்பதில்லை. தரவு இருக்கும் எல்லாவற்றுக்கும் நீக்கத் தடையைப் போட்டுவிடுங்கள், டெர்ராஃபார்மிலும், கிளவுடின் அமைப்பிலும்.

நள்ளிரவில் தளம் விழுந்தால் யாராவது நேரடியாக கிளவுடின் கன்சோலில் (நிர்வாக வெப்பக்கத்தில்) போய் ஒரு போர்ட்டைத் திறந்து சரிசெய்வார்கள். தவறில்லை. காலையில் அதை டெர்ராஃபார்ம் நிரலிலும் எழுத மறந்தால், அடுத்த ஆட்டோமேட்டிக் ஓட்டம் ‘இது என் கணக்கில் இல்லையே’ என்று மூடிவிடும். தளம் மறுபடி விழும். இந்த முறை காரணம் யாருக்கும் தெரியாது.

நேரம் பற்றியும் கவனம் வேண்டும். பல ஷெட்யூலர்கள் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்குபவை) நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். காலை 8 மணிக்கு சர்வரை ஏற்று என்று எழுதினால் நமக்கு மதியம் 1:30-க்குத்தான் ஏறும். வேலைகளைத் தூண்டிவிடும் அமேசான் சேவையான ஈவன்ட்பிரிட்ஜின் பழைய விதிகளில் யுடிசி மட்டும்தான்; புதிய ஷெட்யூலரில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

வெளியே போகும் தரவுக்குக் காசு

தரவு உள்ளே வருவது இலவசம். வெளியே போவதற்குக் கட்டணம். அமேசானின் மும்பை ரீஜனில் மாதம் முதல் 100 ஜிபி போக, பட்டியல் விலை ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். தரவுத்தளம் அமேசானில், அதைப் படிக்கும் அறிக்கை மென்பொருள் கூகுளில், நாளொன்றுக்கு 200 ஜிபி இடம்மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 ஜிபி. கிட்டத்தட்ட 650 டாலர். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். வரைபடத்தில் ஒரு சின்ன அம்புக்குறியாகத்தான் அது தெரியும். அதிகம் பேசிக்கொள்ளும் இரண்டை ஒரே இடத்தில் வையுங்கள். இரவில் ஒருமுறை சுருக்கி அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள்.

லாகை மறந்துவிடுவது

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இது. சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இப்போது முன்னிருப்புகளைப் பாருங்கள். அமேசானில் யார் என்ன செய்தார் என்று பதியும் கிளவுட்டிரெயிலின் வரலாறு 90 நாள். அஸூரின் ஆக்டிவிட்டி லாக் 90 நாள். கூகுளில் நிர்வாக நடவடிக்கை லாக் 400 நாள் இருக்கும், ஆனால் சாதாரண லாகுகள் 30 நாளில் போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பாதி தூரத்திலேயே விதியை மீறியிருப்பீர்கள். மூன்றிலிருந்தும் லாகை ஒரே இடத்துக்கு அனுப்பி அங்கே காலத்தை நீட்டுவதுதான் வழி. 6 மணி நேரக் கெடு ஓடும்போது மூன்று கன்சோலில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பேக்கப்பை மீட்டுப் பார்க்காமல் இருப்பது

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் சேவைகள் நின்றன. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் கிளவுடில் அந்த நிதிக்கென்று தனியாக ஒதுக்கிய பிரைவேட் கிளவுடை அமைத்தபோது, கூகுள் தரப்பில் உள்கருவியில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியாக விட்டதால் அது ஒரு வருடத் தவணை என்று தானாகப் பதிவானது. வருடம் முடிந்ததும் தானாக அழிந்தது. வாடிக்கையாளர் கேட்ட நீக்கம் இல்லை என்பதால் முன்னறிவிப்பும் போகவில்லை. உறுப்பினர்கள் மறுபடி கணக்கைப் பார்க்க ஒரு வாரம் போல ஆனது. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்கு உதவியது.

இதைப் படித்துவிட்டு ‘சரி, எல்லாவற்றையும் இரண்டு கிளவுடில் ஓட்டுவோம்’ என்று கிளம்ப வேண்டாம். இரண்டு தொழில்நுட்ப ஆட்களை வைத்திருக்கும் ஒரு நடுத்தர நிறுவனம் ஒரே அப்ளிகேஷனை இரண்டு கிளவுடில் ஓட்ட முயன்றால், இரண்டும் அரைகுறையாகத்தான் இருக்கும். யூனிசூப்பருக்குக் கைகொடுத்தது வேறு கையில் இருந்த பிரதி. அது எல்லோராலும் முடியும். அந்தப் பிரதியை முதல் கிளவுடின் நிர்வாகப் பாஸ்வேர்டால் அழிக்க முடியாதபடி தனி அக்கவுண்ட்டில் வையுங்கள்.

பிரதி இருப்பது மட்டும் போதாது என்பதற்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப் உதாரணம். 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். ஐந்து வகையான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப், தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன, ஆனால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) மீண்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். பேக்கப்பை அமைத்தவரை வேடிக்கை பார்க்கச் சொல்லிவிட்டு, அதைத் தொட்டே பார்க்காத இன்னொருவரிடம் எழுதிவைத்த குறிப்பைக் கொடுத்து, காலியான அக்கவுண்ட் ஒன்றில் தரவுத்தளத்தை எழுப்பச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று ‘இந்தப் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறாரோ, அந்த வரியைத்தான் அன்றைக்கே திருத்த வேண்டும்.