ஹார்மோனும் வயதும்: ‘நேரமாயிருச்சு’ என்ற அவசரத்தில் நடக்கும் தவறுகள்

“இருவத்தஞ்சு தாண்டிருச்சுல்ல, இனி உனக்கு மாத்திரை பிடிக்காதுடி.” மதுரைப் பக்கம் ஹார்மோன் எடுக்க நினைக்கும் திருநங்கை இதை யாராவது ஒரு மூத்தவர் வாயிலிருந்து கேட்டிருப்பார். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. திருநங்கையர் வழக்கப்படி தான் மகளாக ஏற்றுக்கொண்டவர்களில், பதினெட்டில் தொடங்கியவளையும் முப்பத்தைந்தில் தொடங்கியவளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டு ஒருத்தி மனசு விட்டுப்போய் எதுவும் வேண்டாமென்று உட்கார்ந்துவிடுகிறாள். இன்னொருத்தி, போன வருடங்களைப் பிடிக்கப் போவதாக நினைத்து மாத்திரையை இரட்டிப்பாக்குகிறாள். ஆபத்து அதிகம் இரண்டாமவளுக்குத்தான்.

வயது எதைப் பாதிக்கும், எதைப் பாதிக்காது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பருவ வயதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செய்து முடித்த வேலையை, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் திரும்ப அழிக்காது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ மூடிவிடும். அதற்குப் பிறகு உயரம், தோள் அகலம், தாடை, கை கால் அளவு, தொண்டை மேடு எதுவும் மாறாது. உடைந்த குரலும் மாத்திரையால் மெலியாது. அதற்குக் குரல் பயிற்சி வேறு. முளைத்த தாடி கொஞ்சம் மெலியலாம், உதிராது. லேசர் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லேசர் கறுப்பு முடியைத்தான் பிடிக்கும். தாடி நரைத்துவிட்டால், ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடி வேரை அழிக்கும் எலெக்ட்ரோலிசிஸ்தான் வழி. தலைமுடி கொட்டுவது நிற்கும். ஆனால் ஏறிப்போன நெற்றி பழையபடி இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தாமதத்தால் கைவிட்டுப் போவது இவ்வளவுதான். மார்பு வளர்வது, தோல் மிருதுவாவது, தசை குறைவது, இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது எல்லாம் இருபதிலும் நடக்கும், ஐம்பதிலும் நடக்கும். எவ்வளவு நடக்கும் என்பதில் வயதைவிடப் பரம்பரை உடல்வாகுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த தவறு, காலக்கணக்கு தெரியாமல் தவிப்பது. மார்பு அரும்பவே 3 முதல் 6 மாதம் ஆகும். முழு வளர்ச்சிக்கு 2, 3 வருடம். கொழுப்பு இடம் மாற 2 முதல் 5 வருடம் வரை எடுக்கும். பழைய கொழுப்பு நகர்ந்து போவதில்லை, புதிதாகச் சேருவது புது இடத்தில் சேர்கிறது. அதனால் நாற்பது வயதில் தொப்பையோடு தொடங்குபவருக்கு மாற்றம் மெதுவாகத்தான் கண்ணில் படும். சித்திரைத் திருவிழாவுக்குள் ஆளே மாறிவிட வேண்டும் என்று தை மாதம் தொடங்குவது நடக்காத காரியம்.

இந்தத் தவிப்பிலிருந்துதான் டோஸைக் கூட்டும் பழக்கம் வருகிறது. 2018-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 229 திருநங்கைகளின் மார்பு வளர்ச்சியை ஒரு வருடம் அளந்து பார்த்தார்கள். அந்த ஒரு வருட வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் வந்தது. ரத்தத்தில் எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) கூடுதலாக இருந்தவர்களுக்கு மார்பு கூடுதலாக வளரவில்லை. மருத்துவர்கள் குறிவைக்கும் அளவு எஸ்ட்ராடயால் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் மேற்கொண்டு ஊற்றுவதெல்லாம் நெல் விளைந்த வயலுக்கு யூரியா போடுவது மாதிரிதான். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதும் இதற்காகவே. எண்ணைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்து டோஸ் முடிவு செய்யக் கூடாது.

இனி மெடிக்கல் கடை விஷயம். சீட்டு இல்லாமல் கிடைக்கிறது, விலையும் குறைவு என்று கருத்தடை மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாலா-டி அட்டையில் 28 மாத்திரை. அதில் 7 வெறும் இரும்புச்சத்து. மீதி 21-ல் இருப்பது செயற்கை ஈஸ்ட்ரோஜனான எதினைல் எஸ்ட்ராடயாலும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனும். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு லேசாக ஆண் ஹார்மோன் குணமே உண்டு! எதினைல் எஸ்ட்ராடயாலின் கதை அதைவிட மோசம். ஆம்ஸ்டர்டாமில் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கால முறைப்படி சிகிச்சை எடுத்த திருநங்கைகளுக்குக் கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டு வருவது எதிர்பார்த்ததைவிட 20 மடங்கு இருந்தது. அங்கே 40 தாண்டியவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டைக்கு மாற்றிய பிறகு அது குறைந்தது. முகப்பருவுக்கும் மாதவிலக்குக் கோளாறுக்கும் தரும் டயான்-35-லும் இதே எதினைல் எஸ்ட்ராடயால்தான். இந்தச் சிகிச்சையில் இன்று தருவது வேறு வகை, சாதாரண எஸ்ட்ராடயால்.

வயது நிஜமாகவே கணக்கில் வர வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலும் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. இருபது வயது மகளுக்கு எழுதித் தந்த சீட்டை நாற்பத்தெட்டு வயது அம்மா அப்படியே காட்டி வாங்குகிறார். இருவர் உடம்பும் ஒன்றா? வயது ஏற ஏற ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு தானாகவே ஏறுகிறது. சிகரெட், சர்க்கரை, பிரஷர் சேர்ந்தால் இன்னும் கூடும். 45-க்கு மேல் இருப்பவர்களுக்கு மாத்திரையைவிடப் பட்டையோ ஜெல்லோ நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். எந்த வயதாக இருந்தாலும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு மதுரை எச்சரிக்கை. கத்திரி வெயிலில் இளநீர் குடிக்காதவர் யார்? இந்த மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளம் வயதில் பொதுவாகத் தாக்குப்பிடித்துவிடும். ஐம்பதை நெருங்குபவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் பொட்டாசியம் சோதனை பார்க்காமல் தினம் இரண்டு இளநீர் குடிப்பது சரியல்ல.

நிர்வாணம், அதாவது ஆணுறுப்பையும் விரையையும் நீக்கிக்கொள்வது, முடிந்தவர்களிடம் இரண்டு தவறுகள் பார்க்கலாம். ஒன்று, விரையே இல்லாதபோதும் ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரையைத் தொடர்வது. அது இனி தேவையில்லை. அந்த வகை மாத்திரைகளில் ஒன்றான சைப்ரோடெரோனை அதிக அளவில் வருடக்கணக்கில் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் அபாயமும் இருக்கிறது. மற்றது இதற்கு நேர் எதிர்: “அதான் ஆயிருச்சுல்ல” என்று ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்திவிடுவது. மருத்துவமனைக்குப் போகாமல், நிர்வாணம் செய்துவிடும் மூத்த திருநங்கையான தாயம்மா கையால் செய்துகொண்ட அந்தக் காலத்து மூத்தவர்களில் ஹார்மோனே எடுக்காதவர்கள் உண்டு. இரண்டு ஹார்மோனும் இல்லாத உடம்பில் எலும்பு கரையும். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அதை வயசான கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ‘பெண்களுக்கே ஐம்பதில் நின்றுபோகிறதே’ என்று கேட்பவர்களுக்கு: அளவைக் குறைக்கலாம், பட்டைக்கு மாறலாம், நிறுத்துவதா என்பதை எலும்பு அடர்த்தி பார்த்துவிட்டு மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். இந்த வயதில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

சின்ன வயதினருக்குச் சுருக்கமாக இரண்டு. 18 ஆகாதவர்கள் அக்காமார் தரும் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. வளரும் எலும்போடு விளையாட்டு வேண்டாம். தொடங்கப்போகும் இளைஞர்கள், பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் ஓரத்தில் இருந்தாலும் விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றி முதல் மாத்திரைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு நிறுத்தினாலும் திரும்ப வரும் என்று உத்தரவாதம் இல்லை.

பனகல் சாலையில் நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் திருநங்கையருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை போட்ட அட்டைகளை எல்லாம் எடுத்துப் போவது நல்லது. கடையில் வாங்கியதை மறைத்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்கு மருத்துவர் தப்பான அர்த்தம் எடுத்துக்கொள்வார். ஐந்து வருடத்துக்கு மேல் ஹார்மோன் எடுத்து ஐம்பதும் தாண்டியிருந்தால் மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் பற்றிக் கேட்கலாம். புராஸ்டேட் சுரப்பியை நிர்வாணத்திலும் எடுப்பதில்லை, பிறப்புறுப்பு அமைக்கும் ஆபரேஷனிலும் எடுப்பதில்லை. சிறுநீர் கழிக்கச் சிரமம் என்றால் கூச்சப்படாமல் அதையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவருக்கு, புராஸ்டேட் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். ஆண்களுக்கான கணக்கை வைத்து லேபில் ‘நார்மல்’ என்று அடித்துத் தந்திருந்தாலும் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, தான் ஹார்மோன் எடுப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.