ஆட்டினால் அறுந்துபோகும் யூஎஸ்பி இணைப்பு: பழுது எங்கே என்று நாமே கண்டறிவது எப்படி?

கேபிளைச் சற்று மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால் ஹார்டு டிஸ்க் வேலை செய்கிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. பென் டிரைவைச் செருகியதும் ஒலியெழுப்பி ஏற்றுக்கொள்ளும் மடிக்கணினி, அடுத்த நொடியே இன்னோர் ஒலியோடு அதைக் கைவிட்டுவிடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மவுஸ் திடீரென நின்று, சிறிது நேரத்தில் தானாகவே நகரத் தொடங்குகிறது. இவை எல்லாவற்றையும் ‘யூஎஸ்பி லூசாகிவிட்டது’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு பழுதுகள். சில சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, யூஎஸ்பி முனையைச் செருகும் போர்ட்டே கெட்டுப்போன சந்தர்ப்பங்கள் குறைவு. கேபிளோ, உள்ளே அடைந்த பஞ்சோ, விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்போ காரணமாக இருந்த சந்தர்ப்பங்களே அதிகம். ஆகவே கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்பு, அரை மணி நேரம் ஒதுக்கிப் பின்வருவனவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

அடிக்கடி அறுந்துபோவது ஹார்டு டிஸ்க்காகவோ பென் டிரைவாகவோ இருந்தால், சோதனைகளை ஒத்திவைத்துவிட்டு, இணைப்பு நிலையாக இருக்கும் நேரம் பார்த்து முக்கியமான கோப்புகளை வேறிடத்திற்கு நகலெடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்புகளின் அட்டவணையே சிதைந்துபோகக்கூடும். அப்படிச் சிதைந்த பிறகு, டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்விக்குக் ‘கேன்சல்’ என்பதையே அழுத்துங்கள். அவசரத்தில் ஃபார்மட் கொடுத்துவிட்டு, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் போய்விட்டன என்று கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே டிஸ்க்கை வேறு கேபிளில் வேறு கணினியில் செருகினால் எல்லாக் கோப்புகளும் அப்படியே திறப்பதும் உண்டு.

எப்போது அறுந்துபோகிறது?

கருவி எதையும் கையில் எடுக்காமல் இதை மட்டும் கவனியுங்கள். கேபிளைத் தொட்டாலோ மடிக்கணினியை நகர்த்தினாலோ அறுந்தால், அது தொடுபுள்ளிகளிலோ கம்பியிலோ உள்ள பழுது. யாரும் தொடாமல், சில நிமிடங்கள் சும்மா விட்டபின் அறுந்தால், மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகிக்கலாம். பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் அறுந்தால், மின்சாரம் போதவில்லை அல்லது கேபிள் தரமற்றது.

நான்காவதாக ஒன்று உண்டு. அது பலரையும் ஏமாற்றிவிடும். வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவரை யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் செருகியிருந்தால், டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் மவுஸ் விட்டுவிட்டு நகரும். யூஎஸ்பி 3.0 இணைப்பிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல், ரிசீவர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குலைக்கிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. இங்கே எதுவும் லூசாகவில்லை. ரிசீவரை மடிக்கணினியின் மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றினாலே போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சாதனம், கேபிள், போர்ட் ஆகிய மூன்றில் எது குற்றவாளி என்று அறிய வேண்டுமானால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிளையும் போர்ட்டையும் ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். பழுதும் சில நாள்களில் திரும்பி வரும். முதலில் அதே சாதனத்தை, அதே கேபிளோடு, மறுபக்கப் போர்ட்டில் செருகுங்கள். அங்கும் அறுந்தால், போர்ட்டை மறந்துவிட்டுக் கேபிளை மாற்றுங்கள். புதிய கேபிளிலும் அறுந்தால், சாதனத்தை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள்.

கையடக்க ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையையும் செய்ய வேண்டும். மடிக்கணினிப் பக்க முனையை இரண்டு விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிஸ்க் பக்க முனையை மட்டும் மெதுவாக அசையுங்கள்; பிறகு டிஸ்க் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அசையுங்கள். இத்தகைய டிஸ்க்குகள் பலவற்றில், இரண்டு பிரிவுகளாகத் தோன்றும் அகலமான, மெலிந்த மைக்ரோ முனை இருக்கும். தளர்வது பெரும்பாலும் அந்த முனைதான். பழி மட்டும் மடிக்கணினியின் மேல் விழுகிறது.

மவுஸ் வேலை செய்கிறது, ஆகவே போர்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நான்கு தொடுபுள்ளிகள் உள்ளன: 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு (கிரவுண்ட்) ஒன்று, தரவுக்கு இரண்டு. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இவற்றோடு மேலும் ஐந்து புள்ளிகள் உண்டு; செருகும் முனையில் இந்த ஐந்தும் உள்ளே தள்ளி, பின்வரிசையாக அமைந்திருக்கும். மவுஸுக்கு முன்வரிசை நான்கு மட்டும் போதும். வேகமான டிஸ்க்குக்குப் பின்வரிசை ஐந்தும் சரியாகத் தொட வேண்டும். அவை தொடவில்லையென்றால் டிஸ்க் வேலை செய்தாலும், நொடிக்கு 5 கிகாபிட் என்ற வேகத்திலிருந்து 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். செருகும்போது தயங்கித் தயங்கி மெதுவாகத் தள்ளினாலும் இதே நிலை ஏற்படலாம்; முன்வரிசை முதலில் தொட்டுவிடுவதால், கணினி அதைப் பழைய வகைச் சாதனம் என்றே பதிவு செய்துகொள்கிறது. கழற்றிவிட்டு, நேராக, ஒரே அழுத்தில் மீண்டும் செருகுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை என்ற புகாருக்கும் இதைப் போன்ற ஒரு காரணம் உண்டு. செருகும் முனையில் மின்சாரத்துக்கும் தரைக்குமான தகடுகள் தரவுத் தகடுகளைவிட நீளமானவை. மின்சாரம் முதலில் சேர வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். முனை முழுதாக உள்ளே போகாமல் சற்று வெளியே நின்றால், மின்சாரம் வந்தும் தரவு வராமல் போகலாம். கைபேசியை இணைக்கும்போது சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால், தரவுக் கம்பிகளே இல்லாத, சார்ஜ் செய்வதற்கு மட்டுமான கேபிளாகவும் அது இருக்கலாம்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்திலிருந்து, டைப்-சி போர்ட் ஆடுகிறது என்று ஒரு மடிக்கணினி என்னிடம் வந்தது. செருகினால் முனைக்கும் மடிக்கணினிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, குழியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. போர்ட்டின் அடித்தளமே அதுதான் என்று தோன்றும் அளவுக்கு அது சமமாக இருந்தது. சீவி மெலிதாக்கிய பல்குத்தும் குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பியதும், கம்பளித் துணி போல இறுகிய ஒரு பஞ்சுத் துண்டு முழுதாக வெளியே வந்தது. ஒவ்வொரு முறை செருகும்போதும் கேபிள் அந்தப் பஞ்சை உள்ளே இடித்து இடித்துக் கெட்டியாக்கியிருக்கிறது. அதன் பிறகு முனை ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்தப் போர்ட்டைப் பற்றி வேறு புகார் வரவில்லை.

சுத்தம் செய்வதற்கு முன்பு மடிக்கணினியை ஸ்லீப்பில் விடாமல் முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். அணைத்த பின்னும் யூஎஸ்பிக்கு மின்சாரம் தரும் மடிக்கணினிகள் உண்டு என்பதால் ஊக்கு, குண்டூசி, கொண்டை ஊசி எதையும் உள்ளே விடக்கூடாது. உலோகம் இரண்டு தொடுபுள்ளிகளை இணைத்துவிட்டால் போர்ட் பாழாகும். மரக்குச்சியையோ பிளாஸ்டிக் குச்சியையோ மட்டும் பயன்படுத்துங்கள். டைப்-சி போர்ட்டின் நடுவிலுள்ள மெல்லிய நாக்கில் 24 தொடுபுள்ளிகள் இருக்கின்றன; குச்சி அதன் மேல் அழுந்தாமல், சுற்றியுள்ள குழியில் மட்டும் செல்ல வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்; கேமரா லென்ஸுக்கான ரப்பர் ஊதியைப் பயன்படுத்துங்கள். தொடுபுள்ளிகள் பொன்னிறம் மங்கிக் கறுத்திருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே இயக்குங்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பழைய செவ்வக வடிவ டைப்-ஏ போர்ட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு வளைந்திருக்கிறதா, தகடு ஏதேனும் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். முனையை இறுகப் பிடிப்பவை அந்தப் போர்ட்டின் உலோக உறையிலுள்ள வில் தகடுகள்; அவை தளர்ந்துவிட்டால் போர்ட்டைத்தான் மாற்ற வேண்டும். இடுக்கியால் உறையை நெருக்கினால் உள்ளிருக்கும் நாக்கு உடையும். டைப்-சி வகையில் பிடிமானம் தரும் கொக்கிகள் கேபிள் முனையில் இருப்பதால், பஞ்சு இல்லாத டைப்-சி போர்ட் ஆடினால் புதிய கேபிளை முயன்று பார்ப்பதே சரி.

சாதாரண டைப்-ஏ முனை குறைந்தது 1,500 முறை செருகிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பதும், டைப்-சி 10,000 முறை தாங்க வேண்டும் என்பதும் தர விதி. நாளுக்கு நான்கு முறை செருகினால் 1,500 என்பது ஓராண்டில் தீர்ந்துவிடும் கணக்கு. அதற்காக மறுநாளே கெட்டுவிடாது. ஆனாலும் தேய்மானம் உண்மை. அடிக்கடி செருகுபவர்கள், ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் ஒரு சிறிய ஹப்பை நிரந்தரமாகப் பொருத்திவைத்தால், தேய்மானம் விலை குறைந்த அந்த ஹப்பின் மேல் விழும்.

மின்சாரமும் விண்டோஸ் அமைப்பும்

யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தர வேண்டும் என்பது விதி. சுழலும் ஹார்டு டிஸ்க் தொடக்கத்தில் அதிக மின்சாரம் இழுக்கும். அது கிடைக்காதபோது ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டு, கணினிக்குத் தெரியாமலே நிற்கும். நீட்டிப்புக் கேபிளையும் ஹப்பையும் விலக்கி, குட்டையான கேபிளால் நேராக இணைத்துப் பாருங்கள். அப்படியும் முடியவில்லையென்றால் தனி அடாப்டர் உள்ள ஹப் உதவும்.

யாரும் தொடாமலே இணைப்பு அறுந்துபோகிறது என்பவர்கள் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்ற பகுதியில் உள்ள ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பையும் இருமுறை சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் மின்சேமிப்புக்காகச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் பெட்டியிலுள்ள குறியை நீக்குங்கள். சில மடிக்கணினிகளில் இந்தத் தாவல் இருக்காது. பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குச் சென்று, யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதையும் நிறுத்துங்கள். பிறகு ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் மையத்தின் பழைய நிலை சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

கடைக்குப் போவதற்கு முன்பு

கருகிய வாடை, போர்ட்டில் சூடு, மின்சாரம் அளவு மீறியதாக எச்சரிக்கும் பவர் சர்ஜ் அறிவிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும், உடனே கழற்றிவிட்டு அந்தப் போர்ட்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். வாரன்டி இருந்தால் திறக்கவே வேண்டாம்.

பல மடிக்கணினிகளில் ஒரு பக்கத்து யூஎஸ்பி போர்ட்டுகள் மதர்போர்டில் இல்லாமல், தட்டையான ரிப்பன் கேபிளால் இணைந்த சிறிய தனி போர்டில் இருக்கும். ஒரே பக்கத்துப் போர்ட்டுகள் எல்லாம் ஒன்றாகச் செயலிழந்தால், அந்த ரிப்பன் கழன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. கடையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், “என் மாடலில் யூஎஸ்பி போர்டு தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் போர்ட்டை மட்டும் சால்டர் செய்து மாற்ற முடியாதா?” என்று தயங்காமல் கேளுங்கள். எந்தப் போர்ட்டில், எந்தக் கேபிளோடு, என்ன செய்யும்போது அறுந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடிக்கணினியோடு கொடுங்கள். மேசையில் அசையாமல் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும் இணைப்பைப் பார்த்துவிட்டு, பழுதே இல்லை என்று திருப்பி அனுப்ப அவர்களால் முடியாது.