பங்கு வாங்கும் முன் மெயிலில் கேளுங்கள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்கு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் பேலன்ஸ் ஷீட்டை நீட்டுவார்கள். ஆடிட்டராக நான் முதலில் கேட்பது வேறு: “விற்பவரிடம் என்னென்ன கேட்டீர்கள், எழுத்தில் இருக்கிறதா?” பெரும்பாலும் பதில், “எல்லாம் பேசிக்கிட்டோம் சார்.”

பேசியது போதாது. பொய்யென்று தெரிந்தே சொல்வதும், தெரிந்ததை முனைந்து மறைப்பதும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவில் மோசடி. ஆனால் வெறுமனே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. “இவர் கேட்கவே இல்லையே” என்று விற்பவர் கைவிரிக்கலாம். அதனால் மெயிலில் கேளுங்கள். வரி நோட்டீஸ் ஏதும் நிலுவையில் உண்டா? கம்பெனி யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறதா? பெரிய வாடிக்கையாளர் யாராவது விலகப்போவதாகச் சொன்னார்களா? வரும் பதிலை விற்பவரின் உறுதிமொழியாக ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

அப்புறம் சரிபார்ப்பு. சொத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பாருங்கள். கணக்கில் காட்டிய விற்பனையை, கம்பெனி தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யோடு ஒப்பிடுங்கள். கணக்கு வருடம் முடியும் மார்ச்சோடு நிறுத்தாமல் ஏப்ரல் லெட்ஜரையும் (கணக்குப் பேரேடு) கேளுங்கள். மார்ச் 30-ல் ஒரே பார்ட்டிக்குப் பெரிய பில், ஏப்ரல் நடுவில் அதே தொகைக்கு கிரெடிட் நோட் (பில்லைத் திருப்பும் சீட்டு), இடையில் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில்லும் இல்லை, லாரி வாடகையும் இல்லை என்றால் சரக்கு குடோனை விட்டு நகரவே இல்லை. கம்பெனியின் விலையை ஏற்றப் போட்ட பில் அது.

பேங்க் இருப்புக்கு விற்பவர் தரும் பிரிண்ட் அவுட் வேண்டாம். அவர் ஒப்புதலோடு பேங்கிலிருந்தே கடிதம் வரட்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதப்படி, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. அத்தனை பெரிய கம்பெனியிலேயே அந்தக் கதி.

ஏமாந்துவிட்டீர்களா? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அல்லது வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்தால் எந்த நிலையில் இருப்பீர்களோ அந்த நிலையில் வை என்று கேட்கலாம். ரத்து வேண்டுமென்றால், விஷயம் தெரிந்த பிறகு டிவிடெண்ட் வாங்காதீர்கள், கூட்டத்தில் ஓட்டுப் போடாதீர்கள்; ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும். உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ரத்து வழக்குக்கு, மோசடி தெரியவந்ததிலிருந்து 3 வருடம்தான் கெடு. போலீஸ் புகார் தனிப் பாதை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவு (ஏமாற்றுதல்) தண்டனைக்கு. பணம் திரும்ப வேண்டுமென்றால் சிவில் வழக்கும் போட்டாக வேண்டும்.