வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குப் பயாஸ் வைப்பது: ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடும் நாட்களில் பிளக்கில் 215 வோல்ட்தான் வரும். தறிகள் ஓயும் ஞாயிறன்று 240 வரும். வார நாளில் நான் பயாஸ் வைத்த (பவர் வால்வுகளில் ஓடும் மின்னோட்டத்தைச் சரிசெய்த) ஆம்ப்ளிஃபயரில், ஞாயிறு மாலை ஒரு இஎல்34 பவர் வால்வின் பிளேட் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் உட்தகடு) தணல்போலச் சிவந்துவிட்டது. அதனால் உங்கள் வீட்டில் மின்னழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, உயிரைப் பறிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

பயாஸ் என்பது வால்வின் கிரிட்டுக்கு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உட்கம்பிவலை) கொடுக்கும் எதிர்மறை மின்னழுத்தம். குழாய்த் திருகைப் போன்றது: எதிர்மறை கூடினால் வால்வில் ஓட்டம் குறையும்.

ஒவ்வொரு பவர் வால்வின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை, 8ஆம் பின்) ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அதன் குறுக்கே 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர், கணக்கு எளிது.

பவர் வால்வுகளைச் செருகாமல் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, இரண்டு சாக்கெட்டிலும் 5ஆம் பின்னை (கிரிட்) அளவிடுங்கள். எதிர்மறை வோல்ட் வராவிட்டால் வால்வைச் செருகவே கூடாது. வந்தால் ப்ரீசெட்டை (பயாஸைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு ரெசிஸ்டர்) எதிர்மறை மிகக் கூடுதலாக இருக்கும் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு அணைத்து, மின்தேக்கிகளை வடித்து, வால்வுகளைச் செருகி, ஸ்பீக்கரை இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பாழாகலாம்.

இஎல்34 பிளேட் தாங்குவது 25 வாட். அதில் 70 விழுக்காடு, 17.5 வாட், நமக்கு உச்சவரம்பு. என் ஆம்ப்ளிஃபயரில் ஞாயிறன்று பிளேட்டில் 455 வோல்ட்; 17.5ஐ 455ஆல் வகுத்தால் 0.038 ஆம்பியர், அதாவது 38 மில்லி ஆம்பியர். நான் 35இல் நிறுத்துகிறேன். ஒலியில் பெரிய வேறுபாடு எனக்குக் கேட்கவில்லை, வால்வு நெடுநாள் உழைக்கிறது.

ப்ரீசெட்டை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஓட்டம் கூடினால் பிளேட் வோல்ட் சற்று இறங்கும். மறுபடி அளந்து, மறுபடி வகுத்துப் பாருங்கள். இருபது நிமிடம் சூடேறிய பின் இன்னொரு முறை அளவிடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, இரு வால்வுகளின் பிளேட்டுகளையும் சில நிமிடம் உற்றுப் பாருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இருக்கலாம். சாம்பல் நிறத் தகட்டில் சிவப்புத் தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.