துண்டான விரலை ஐஸில் புதைக்காதீர்கள்

விபத்தில் விரல் துண்டானால், பதற்றத்தில் பலரும் அதை நேராக ஐஸ்கட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். திசு உறைந்து சிதைந்துவிடும். பிறகு ஒட்டவைப்பது கடினம். ஃப்ரீசரும் வேண்டவே வேண்டாம்.

முதலில் ஆளைக் கவனியுங்கள்: காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் துண்டான விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாதபடி வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் மிதக்கும் தண்ணீரில் வையுங்கள். உறையாமல் சுமார் 4 டிகிரி குளிர்ச்சி போதும்.

குளிர், ஒட்டவைப்பதற்கான அவகாசத்தை நீட்டும், அவ்வளவுதான். விரலில் தசை கிடையாது; குளிரில் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கலாம். கை, கால் என்றால் தசை அதிகம்: குளிர்விக்காவிட்டால் 6 மணி நேரம், குளிர்வித்தால் 12. இதுவும் தோராயக் கணக்கே. துண்டான நேரத்தைப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள். மருத்துவர் கட்டாயம் கேட்பார்.