பெருந்தொற்றுக் காலக் கச்சேரி: காற்றைப் பார்த்து மேடை அமைத்தல்

பெருந்தொற்றுக் காலத்தில் புதுச்சேரியிலோ கடலூரிலோ ஓர் இசைக்குழு மேடையேற வேண்டுமானால், பாட்டுப் பட்டியல் எழுதுவதற்கு முன்பே, தொற்று மூச்சுக்காற்றில் பரவுவதால், அந்த இடத்தில் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டரை மணி நேரம் நடந்த பாடகர் குழு ஒத்திகை ஒன்றில் கலந்துகொண்ட 61 பேரில், பரிசோதனையில் உறுதியாகாதவர்களையும் சேர்த்து 53 பேருக்குக் கொரோனா தொற்றியது, இருவர் இறந்தனர்.

திறந்தவெளியே முதல் தேர்வு. கடலூரின் தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரையில், பின்னணியில் கடல் தெரியும்படி மேடை போட ஆசை வரும். ஆனால் மாலையில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று, கலைஞர்களின் மூச்சைக் கடந்து நேரே பார்வையாளர்கள்மேல் வீசும். மேடையை வடக்கு அல்லது தெற்கு நோக்கி அமைத்தால், இரவில் காற்று திரும்பி நிலத்திலிருந்து வீசினாலும் இரு தரப்புக்கும் குறுக்காகவே கடந்து போய்விடும்.

மண்டபத்தைத் தவிர்க்க முடியாதபோது, உள்காற்றையே சுற்றவிடும் ஸ்பிளிட் ஏசியை நம்பாமல், சன்னல்களைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறிகளை மேடைக்குப் பின்புறம் பொருத்த வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்மாநில சிம்பொனி இசைக்குழுவுக்காகக் காற்றோட்டத்தைக் கணினியில் கணித்து, ஊதுகருவிகளைக் காற்று வெளியேறும் திறப்புகளுக்கு அருகிலும் தாளக்கருவிகளை உள்ளே தள்ளியும் அமரவைக்கப் பரிந்துரைத்தனர். நம் மேடைக்கும் இது பொருந்தும்: முகக்கவசத்தோடு வாசிக்கக்கூடிய தவில், வயலின், கீபோர்டு கலைஞர்கள் நடுவில் இருக்கட்டும், நாதஸ்வரமும் புல்லாங்குழலும் விசிறியை ஒட்டி அமரட்டும்.

இவ்விரண்டும்கூட ஒன்றல்ல. புல்லாங்குழலில் ஊதும் காற்றில் ஒரு பங்கு வாய்த்துளையைத் தாண்டி முன்னால் பாய்வதால், அதற்கு முன்புறம் கூடுதல் இடம் வேண்டும். நாதஸ்வரத்தில் காற்று, வாயில் வைத்து ஊதும் சீவாளி வழியே உள்ளே போய், விரல்துளைகளிலும் அடியிலுள்ள விரிந்த வாயான அணசிலும் வெளியேறுகிறது. அணசுக்குத் துணியுறை போடுவதானால் நாதம் எவ்வளவு மாறுகிறது என்று ஒத்திகையிலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒருவர் நனைத்த சீவாளியை, எவ்வளவு நெருங்கியவரானாலும், இன்னொருவர் ஊதிப் பார்க்கலாகாது.

இரண்டு மீட்டர் தள்ளி உட்காரச் சொன்னால் கலைஞர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரே செல்வதால், மேடையின் இரு கோடிகளுக்கு இடையே 10 மீட்டர் இருந்தால் 0.03 நொடி தாமதம் ஏற்படும். துரித காலத்தில் இதுவே தாளத்தைத் தடுமாற வைக்கும். தாளக்காரரை நடுவில் வைப்பதற்கு இது இன்னொரு காரணம். ஒவ்வொருவருக்கும் தனி மானிட்டரோ (கலைஞரை நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்) காதொலிக் கருவியோ கொடுப்பதும் உதவும்.

குழுவைச் சுருக்குவது குறையன்று. ஜெர்மனியின் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 2020 மே 1 அன்று ஆளில்லாத அரங்கில், இசையமைப்பாளர் மாலரின் நான்காம் சிம்பொனியைச் சிறு குழுவுக்கு மாற்றியமைத்த வடிவில் வாசித்தது; மேடையில் 15 பேருக்கு மேல் இல்லை.

பாடகர்களுக்குத் தனித்தனி மைக் கொடுத்து, ஒலிப்பெருக்கியைக் கூட்டி, மெல்லிய குரலில் பாடச் சொல்ல வேண்டும்; குரலின் சத்தம் கூடக் கூட வாயிலிருந்து வரும் நுண்துளிகளும் பெருகும். மூன்று மணி நேரக் கச்சேரியை முக்கால் மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு மண்டபத்தைக் காலி செய்து, எல்லாக் கதவுகளையும் கால் மணி நேரம் திறந்து வைத்தபின் அடுத்த பகுதிக்கு ஆட்களை உள்ளே விடலாம்.