ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெறும் முறை

பல் துலக்கும்போது ஈற்றில் ரத்தம் கசிந்தால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை அலட்சியம் செய்யவே கூடாது. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் தங்கும் கிருமிகளால் உண்டாகும் அழற்சி, ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும் திறனையும் குறைக்கக்கூடும். போலந்தின் கிராகோவ் நகரில் ரத்த அழுத்த நோயாளிகள் 101 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், தீவிர ஈறு சிகிச்சை பெற்றவர்களின் மேல் அழுத்தம், அதைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவினரைவிட இரண்டு மாதங்களில் சராசரியாக 11 புள்ளிகள் அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பலன் தெரியவில்லை என்பதால், இந்தச் சிகிச்சையை மாத்திரைக்குத் துணையாகக் கொள்ளலாமே தவிர, மாற்றாகக் கொள்ளக் கூடாது.

பல் மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மருந்துகளே சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். அப்படி இருந்தால் மருந்தை மாற்றுவதா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றைய மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுச் சென்று, நாற்காலியில் அமர்ந்ததும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அது 180/110க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைப்பதே முறை. மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும் என்பதால், அதன் அளவை மருத்துவர் தீர்மானிப்பதற்கும் இந்த அளவீடு தேவை.

ஈற்றுக்கு அடியில் பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையைச் சுரண்டி எடுப்பதே சிகிச்சையின் மையம். அதனால் பல் ஆட்டம் காணும் என்ற அச்சம் நம்மிடையே பலரைத் தடுக்கிறது. உண்மையில் பல்லைத் தாங்கும் எலும்பை அரிப்பது, காரையில் வளரும் கிருமிகளால் வரும் அழற்சிதான்.

வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், அவை அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு மருந்தை அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை, ரத்தக் குழாயைத் தளர்த்தும் பொருளாக மாற்ற உதவும் நல்ல கிருமிகள் நாக்கில் வாழ்கின்றன. அந்த மருந்து அவற்றையும் அழித்துவிடும்.

சிகிச்சைக்குப் பின் வீட்டில் அழுத்தத்தை அளந்து குறித்து வாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். அழுத்தம் தொடர்ந்து குறைவாகவே இருந்தாலும், அந்தக் குறிப்பைப் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியவர் உங்கள் மருத்துவரே.